இரண்டாவது படம் முடியட்டும்

1. முதல் நாளே சொன்னாள்

செல்லத்தாய் தனக்கு என்ன வேண்டும் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் வேறொன்றைச் செய்தேன். முக அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த அனுபவங்களைப் பயிற்சி டாக்டர்களுக்காக எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நன்றாக முடிந்த கேஸ்களை எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன்.

அவள் சூரியநெல்லித் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, புருஷனோடு பாலக்காட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். சில வருஷங்களுக்கு முன் காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு கட்டி. வேறோர் ஊரில் அதை எடுத்தார்கள். கட்டி முக நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்ததால் நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முகத்தின் இடது பாதி தொங்கிப்போயிற்று. வாய் ஒரு பக்கம் கோணியது. இடது கண் மூடவில்லை. இத்தனை நாள் கழித்து நரம்பைத் தைத்துப் பயனில்லை, தசைகள் வற்றிவிட்டிருந்தன.

"தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்துக் கன்னத்துல வெக்கலாமுங்க. மெல்லுற தசையோட நரம்பை அதுல இணைச்சுட்டா, பல்லைக் கடிக்கறப்ப வாய் மேல ஏறும். சிரிப்பு வருமுங்க" என்றேன். நான் கொல்லங்கோட்டு விவசாயக் குடும்பத்துக்காரன். எவ்வளவு படித்தும் பேச்சு மாறவில்லை.

"சிரிப்பு கெடக்கட்டும் சார்" என்றாள். "கண்ணு மூடணும். அம்புட்டுத்தான். காட்டுல காத்து ஊசி மாதிரி அடிக்கு. கொழுந்து எடுக்கையில குச்சி கண்ணுக்குள்ள குத்துது. ராத்திரியும் தொறந்தே கெடக்கு."

புருஷன் அய்யாத்துரை பின்னால் நின்றுகொண்டு சொன்னான்: "முன்னால இவ தூங்குறப்பமாவது நமக்கு நிம்மதி இருந்திச்சி சார். இப்பம் தூக்கத்துலயும் மொறைச்சிக்கிட்டே கெடக்கா."

"இவரு கெடக்காரு சார். மொறைக்கும்படியா நடந்துக்கிட்டா மொறைக்காம என்ன செய்வாங்க?"

அவள் சிரித்தாள். பாதி முகம் சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணைச் சோதித்தபோது வெள்ளை விழி சிவந்து, கருவிழி காய்ந்திருந்தது. மேல் இமைக்குள் ஒரு சின்னத் தங்கத் தகட்டை வைத்துத் தைத்தால், அதன் எடையால் இமை தானாகக் கீழே இறங்கும். இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்கிற எளிய வேலை. அன்றைக்கே அவளுக்கு நாள் குறித்திருக்கலாம்.

நான் குறிக்கவில்லை.

2. நான் எழுதிய விதி

எங்கள் பிரிவில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. முகவாதம் வந்தவர்களை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் படம் எடுப்போம். அந்தப் படங்களை முன்பின் தெரியாத கல்லூரி மாணவர்களின் போனுக்கு அனுப்புவோம். இந்த முகம் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது, இவரை நம்பலாமா என்று அவர்கள் மதிப்பெண் போடுவார்கள். எது முன், எது பின் என்று அவர்களுக்குத் தெரியாது.

கேள்வி தப்பான கேள்வியல்ல. உலகம் முகத்தைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுகிறது. வாய் கோணிப்போன ஒரு வாத்தியாரைக் குடிகாரன் என்று நினைத்து பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் அந்தப் பார்வையை மாற்றுகிறதா என்று கேட்பது நியாயம்தான்.

அநியாயம் நான் எழுதிச் சேர்த்த ஒரு விதியில் இருந்தது. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையில், சிரிப்புக்கான ஆபரேஷன் தவிர முகத்தில் வேறு எந்த ஆபரேஷனும் செய்யக்கூடாது. இமையையும் சரிசெய்துவிட்டால், மதிப்பெண் ஏறியது சிரிப்பாலா கண்ணாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது அல்லவா? சுத்தமான ஒப்பீடு வேண்டும். அந்த விதியைப் படித்ததும் எங்கள் சீஃப் என் தோளில் தட்டினார். அவர் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்தவர். கை அசாத்தியமான கை. தலைமுடியைவிட மெல்லிய நூலில் நரம்பைத் தைப்பார். அவர் தட்டிக்கொடுத்தால் ஒரு வாரத்துக்கு எனக்குத் தரை தட்டுப்படாது.

நெறிமுறைக் கமிட்டியிலும் அந்த விதி தேறிவிட்டது. படித்தவர்கள் நிறைந்த கமிட்டி. கண் மூடாதவர்கள் அதுவரை என்ன செய்வார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் எழுதியவன், நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

செல்லத்தாய் விஷயத்தில் மட்டும் ஒரு தடவை வாய் திறந்தேன்.

"சீஃப், இந்தம்மாவுக்குக் கண்ணு ரொம்பக் காஞ்சு கெடக்குதுங்க. இமையை மட்டும் முன்னாடியே பண்ணிரலாமுங்களா?"

"கேட்டயா சாமி, கண்ணைத் தொட்டா கம்பாரிசன் போச்சு. சொட்டு மருந்து குடு, ராத்திரி களிம்பு போட்டு ஒட்டச் சொல்லு. செகண்ட் போட்டோ முடியட்டும், மறுநாளே தகடு வெச்சுடலாம். ஓடியா போயிடும் கண்ணு?"

"அவளை ஸ்டடியில இருந்து எடுத்துரலாமுங்களே?"

"நல்ல கேஸாக்கும் இது. இதை விட்டா எப்படி?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. ஒப்புதல் தாளைச் செல்லத்தாயிடம் நானே வாசித்துக் காட்டினேன். கண்ணைப் பற்றிய வரி வந்தபோது வேகமாக வாசித்தேன். "கண்ணும் செய்வீயள்லா சார்?" என்று கேட்டாள். "செய்வோமுங்க, இரண்டாவது படம் முடியட்டும்" என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

3. பொட்டு

முதல் படம் எடுத்த நாள். ஒரே வெளிச்சம், ஒரே நீலத் திரை, ஒரே தூரம். முகத்தில் எந்த அலங்காரமும் இருக்கக்கூடாது என்பதும் விதி. மூக்குத்தி, தோடு, பூ, பொட்டு எல்லாம் போக வேண்டும். வெளிநாட்டுக் கட்டுரைகளில் அப்படித்தான் இருந்தது. நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். அங்கே அது உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்வது. இங்கே அது என்ன என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களிடம் அப்படிச் சொல்லியிருந்தால் யோசித்திருப்போம்.

சிஸ்டர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு வந்தாள். செல்லத்தாய் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"எம் புருசன் வெளிய கல்லு மாதிரி நிக்காரு. பொட்ட எதுக்கு அழிக்கணும்?"

"சேச்சி, ஒரு மினிட். போட்டோ எடுத்தா பின்னே வெக்காம்" என்றாள் சிஸ்டர்.

"அதெல்லாம் முடியாது. அவர உள்ள கூப்பிடுங்க. அவரு சொல்லட்டும்."

அய்யாத்துரை உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டான். பிறகு, "அழிச்சிக்க பிள்ள. டாக்டர்மாரு சொன்னா காரணம் இருக்கும். நான் எங்க போகப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான்.

வெறும் நெற்றியோடு, வெறும் மூக்கோடு உட்கார்ந்தாள். "சிரிங்க" என்றேன். வலது பக்கம்கூடச் சரியாக ஏறவில்லை. அந்தப் படம்தான் ஆராய்ச்சிக்கு 'முன்' படமாகப் போயிற்று.

4. மலையில் எடுத்த படம்

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அதில் எனக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சீஃப் தைத்தார், நான் கூட நின்றேன். சில மாதங்களில் புதுத் தசை துடிக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்தால் வாயின் இடது ஓரம் மேலே ஏறியது. கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினோம்.

இடையில் சோதனைக்கு வந்தபோதெல்லாம் கண்ணைப் பற்றியே பேசினாள். "மருந்து விட்டா ஒரு நாழி நல்லாருக்கு சார். கூடையத் தூக்கிட்டு ஏறுனா மறுபடியும் மண்ண வாரிப் போட்ட மாதிரி எரியுது." நான் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொன்னேன். பிறகு அவளே என்னை முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்: "தெரியும் சார். ரெண்டாவது படம் முடியட்டும்." கிண்டலாகத்தான் சொன்னாள். நானும் கிண்டலாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த பெண்கள் இரண்டாவது படத்துக்காக மலையிறங்கி வரச் சிரமப்பட்டார்கள். ஒரு நாள் கூலி போகும். அதனால் நாங்களே கேமராவையும் நீலத் திரையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேலே போனோம். நாங்கள் போன அன்று அங்கே மாரியம்மன் கோயில் பொங்கல். பெண்கள் எல்லோரும் தலைநிறையப் பூ, நெற்றியில் பெரிய குங்குமம், புதுச் சேலை என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றார்கள். மஞ்சள் பூசிய முகங்கள்.

செல்லத்தாய் என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டாள்.

"சார், இன்னைக்கு அம்மனுக்குப் பொங்க வச்சிருக்கேன். இன்னைக்கும் பொட்ட அழின்னு சொன்னீயன்னா, ஒங்க கேமராவத் தூக்கி ஓடையில போட்டுருவேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே போகிற வழியில் யானை நிற்பதாக டிரைவர் அவசரப்படுத்தினான். நான் பஞ்சைக் கீழே வைத்தேன். "பொட்டோட இருங்க. பூவை மட்டும் பின்னால தள்ளிக்குங்க" என்றேன். அந்த ஆராய்ச்சியில் நான் மனுஷனாக நடந்துகொண்டது அந்த ஒரு நிமிஷம்தான். 'முன்' படங்களில் வெறும் நெற்றி, 'பின்' படங்களில் குங்குமமும் மூக்குத்தியும் என்பது எனக்கு அப்போதே தெரியும். பரவாயில்லை என்று விட்டேன்.

படம் முடிந்தது. "இனிமே கண்ணு?" என்றாள். அடுத்த மாதம் வரச் சொன்னேன். மறுநாளே என்று சீஃப் சொன்னது அடுத்த மாதம் ஆயிற்று, ஏனென்றால் தியேட்டர் பட்டியலில் அடுத்த ஆராய்ச்சிக் கேஸ்கள் வரிசையில் இருந்தன.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காற்றும் சாரலும். அவள் வேலைக்குப் போனாள், போகாவிட்டால் கூலி இல்லை. ஏதோ ஒரு குச்சி கண்ணில் கீறியிருக்கிறது. மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டதில், கீறலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நாட்கள் போயின. வந்தபோது கருவிழியில் வெள்ளையாகப் புண். பார்க்கத் தாங்கவில்லை.

கண் பிரிவில் இருந்த பெண் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வயதில் என்னைவிட மிகவும் இளையவர்.

"இவங்க உங்க பேஷன்ட் தானே? எத்தனை நாளா உங்க கையில இருக்காங்க?"

சொன்னேன்.

"ஒரு மணி நேரத்து வேலை சார் அது. ஒரு மணி நேரம்! தொடையில இருந்து தசை எடுத்து வைக்க நாள் முழுக்க நேரம் இருந்துச்சு, இமைக்கு இல்லையா?"

மண் சரிவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டார். சரியாகத்தான் செய்தார். காற்று அடிக்கிறது, குச்சி குத்துகிறது என்று முதல் நாளே சொன்ன ஒருத்திக்கு மண் சரிவைக் காரணம் காட்டுவது வெட்கக்கேடு.

புண் ஆறியது. தழும்பு நின்றுவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும் என்ற அளவோடு நின்றது. அதன் பிறகு, பார்வை போனாலும் கண்ணையாவது காப்பாற்ற, தங்கத் தகடு வைத்து இமையை மூடவைத்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

5. கொச்சியில் ஒரு சிரிப்பு

எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்தது. மதிப்பெண்கள் பிரமாதமாக ஏறியிருந்தன. செல்லத்தாயின் முகத்துக்குத்தான் எல்லாவற்றிலும் அதிகம் ஏறியது. கொச்சியில் ஒரு மாநாட்டில் அதை நான் வாசித்தேன். திரையில் அவளுடைய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து எனக்குத் தெரியாத ஒரு பெண் டாக்டர் எழுந்தார்.

"பூவும் பொட்டும் வச்சா எனக்கும் மார்க் ஏறும் சார். ஆபரேஷன் வேண்டாம்."

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். திரும்பி வருகிற ரயிலில் அந்த இரண்டு படங்களையும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் ஒரு வேலை செய்தேன். எங்கள் நோயாளிகளில் சம்மதித்தவர்களின் 'முன்' படங்களை எடுத்து, கம்ப்யூட்டரில் நெற்றியில் ஒரு பொட்டும் மூக்கில் ஒரு மூக்குத்தியும் மட்டும் வைத்தேன். புது மாணவர்களுக்கு அனுப்பினேன். மதிப்பெண் ஏறியது. கத்தியே படாத முகத்துக்கு ஏறியது! எங்கள் நாட்டுப் பிள்ளைகள் வெறும் நெற்றியில் என்ன கண்டார்களோ அதற்குத்தான் முதலில் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். தாலியறுத்த முகத்தையும் கோயிலுக்குப் போய்வந்த முகத்தையும் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் எங்கள் கைவேலை என்று எழுதியிருக்கிறோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. எந்தச் சுத்தத்தைக் காப்பாற்ற ஒருத்தியின் கண்ணைத் தள்ளி வைத்தோமோ, அந்தச் சுத்தம் ஒரு சிட்டிகைக் குங்குமத்தில் என்றைக்கோ கெட்டுப்போயிருந்தது. இமையைச் செய்திருந்தால்கூட இதைவிட அதிகமாக எதுவும் கெட்டிருக்காது.

சீஃபிடம் கொண்டுபோனேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பொட்டாலே ஆபரேஷன் பொய்யாயிடுமோ? தசை இழுக்கறதா இல்லையா? இழுக்கறது. பின்னே என்ன?"

"மார்க் பொய்யுங்களே சீஃப். அந்த மார்க்குக்காகத்தானுங்க அவ கண்ணு போச்சு."

"கண்ணை நாமளா எடுத்தோம்? குச்சி குத்தித்து. நாம சிரிப்பு குடுத்தோம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அதுலே உன் பேரும் இருக்காக்கும். ஓர்மை இருக்கட்டும்."

ஓர்மை இருந்தது, நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் எனக்கு அடுத்த பதவி கிடைத்தது. சீஃப் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் தன்னுடைய வேலையை நம்பினார். நான் நம்பிக்கை போன பிறகும் அதன் மேல் ஏறி உட்கார்ந்தேன். எது கேவலம் என்று படிக்கிறவர்கள் முடிவு செய்யலாம்.

ஓய்வு பெற்ற பிறகு, கட்டுரை வெளிவந்த அந்தப் பத்திரிகைக்கு எழுதினேன். பொட்டைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம் போட்டார்கள். கண்ணைப் பற்றித் திருத்த முடியவில்லை. திருத்துவதற்கு, அந்தக் கட்டுரையில் கண்ணைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

6. அந்தப் பக்கம்

போன வருஷம் சூரியநெல்லிக்குப் போனேன். அய்யாத்துரை வேலைக்குப் போயிருந்தான். எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, செல்லத்தாய் எதிரே படியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். விதியை எழுதியது நான் என்பதையும், ஒப்புதல் தாளில் அந்த வரியை வேகமாக வாசித்ததையும் சொன்னேன்.

அவள் தேயிலைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தை செத்தப்பம் துட்டிக்குப் போனேன் சார்" என்றாள். "எங்கம்மைக்கு மேலா என்னை வளத்தவ. அழுகைய அடக்கணும்னு பல்லக் கடிச்சேன். வாயி சிரிச்சிட்டு. அம்புட்டு சனமும் பாத்துச்சி. சாவு வீட்டுல பல்லக் காட்டுதா பாருன்னு அத்தை மகளே சொன்னா. நான் என்னன்னு சொல்ல? இது சிரிப்பு இல்ல, தொடைன்னா?"

எங்கள் படங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டவர்கள் எல்லோரும் அவளை அறியாதவர்கள். அவளை அறிந்தவர்கள் அவள் முகத்தில் என்ன காண்பார்கள் என்று எங்கள் ஆராய்ச்சியில் ஒரு கேள்வியும் இல்லை. அவள் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதற்கும் இல்லை. பயிற்சி டாக்டர்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இதுதான்: நாற்காலியில் உட்கார்ந்ததும் நோயாளி முதலில் கேட்பது என்ன என்று கேளுங்கள், அதை முதலில் செய்யுங்கள். அதைச் செய்தால் கெட்டுப்போகும் ஆராய்ச்சி எதுவாக இருந்தாலும் கெடட்டும். படத்துக்காக யாரையாவது காத்திருக்கச் சொல்லும்படி உங்கள் சீஃப் கேட்டால் மறுத்துவிடுங்கள். நான் ஒரு தடவை கேட்டுவிட்டு அடங்கிப்போனேன். ஒரு தடவை போதாது.

மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்க முடியவில்லை. நாற்காலியை அவளுக்கு இடது பக்கமாகக் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கக் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது.

"இந்தப் பக்கமா வந்து இரிங்க சார்" என்றாள். "அந்தப் பக்கம் சிரிப்பு மட்டுந்தான் இருக்கு."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்து அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.